அலை புகாத அறையில் ஒரு புகார்

காலை ஆறரை மணிக்குத் துணைவர் சங்கம் கூடும். பெயர்தான் பெரியது. காலனிப் பூங்காவில் மூன்று பெஞ்சுகளைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காரும் பன்னிரண்டு பேர், அவ்வளவுதான். ஊர் ஈரோடு. ஆறு வருடங்களில் நான் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. எங்கள் தலைமுறைக் கிழவர்களின் பெயரைக் கேட்டால் இப்போதைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். லோகேஷ், தருண், ஹரிஷ், அஸ்வின். என் பெயர் நவநீதன். எழுபத்தொரு வயதுக்குப் பொருந்துகிற பெயர் கூட்டத்தில் என்னுடையது ஒன்றுதான் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

"நேத்து எங்கூட்டுக்காரி பல்லு வெளக்குற பேஸ்ட்டைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜுல வச்சுட்டாளுங்க," என்று லோகேஷ் ஆரம்பித்தார். "நான் ஒண்ணும் கேட்டுக்கலை. எடுத்து இருந்த எடத்துல வச்சுட்டு வந்துட்டேன்."

"கேக்கக் கூடாதுங்க. கேட்டா பதறிப் போயிருவாங்க," என்றார் ஹரிஷ். எல்லோரும் தலையசைத்தோம். இதுதான் சங்கத்தின் வேலை. வீட்டில் மறதிக்காரரை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது எப்படி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது.

எங்களைச் சுற்றி ஓடும் நடைபாதையில் எங்கள் வீட்டுக்காரிகள் நடந்துகொண்டிருப்பார்கள். சங்கத்தில் இரண்டு பெண்களும் உண்டு. அவர்களுடைய வீட்டுக்காரர்கள் இருவரும் அந்த நடைக் கூட்டத்தில்தான். விறுவிறுவென்று நடப்பார்கள், திடீரென்று நின்று கையைத் தட்டிச் சிரிப்பார்கள். "பாவம், எதுக்குச் சிரிக்கிறோம்னே தெரியாமச் சிரிக்கிறாங்க," என்பார் லோகேஷ். எனக்கும் மனசு கனக்கும்.

தெருமுனைக்குத் தெருமுனை நிற்கிறதே நினைவுக்கம்பம், அது வந்த பிறகு மறதி நோய் என்பது பழைய பயங்கரம் இல்லை. அறுபது முடிந்ததும் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஓர் ஏற்பியை வைத்துவிடுகிறார்கள். நினைவு சரியாக இருப்பவர்களுக்கு அது சும்மா கிடக்கும். நழுவத் தொடங்கியவர்களுக்கு அதை உயிர்ப்பிப்பார்கள். அவர்கள் வாழ்கிற ஒவ்வொரு நாளையும் கம்பம் வாங்கி வைத்துக்கொள்ளும். வேண்டிய நேரத்தில் வேண்டியதை அலையாகத் திருப்பி அனுப்பும். மகன் பெயர், வீட்டுக்கு வழி, அடுப்பை அணைத்தோமா என்பது எல்லாம். இதற்குத் துணைநினைவு என்று பெயர். இதில் ஒரே ஒரு விதி. நோயாளிக்குத் தான் நோயாளி என்று தெரியக் கூடாது. தெரிந்தால் பதற்றம் வரும், பதற்றம் வந்தால் அலை பொருந்தாது. கூட வாழ்கிறவருக்கு மட்டும் உண்மையைச் சொல்வார்கள். சொல்லப்பட்டவர்கள்தான் நாங்கள் பன்னிரண்டு பேர்.

எனக்குச் சொன்னவர் இன்பா என்ற பெண் மருத்துவர். ஆறு வருடங்களுக்கு முன் என்னைத் தனியாக உட்காரவைத்து, "உங்க மனைவிக்கு ஆரம்பிச்சிருக்குங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டாம். இனிமே நீங்கதான் பொறுப்பா இருந்து பார்த்துக்கணும்," என்றார். பிறகு கோபிகாவை உள்ளே அழைத்து அரைமணி நேரம் பேசினார். ஏதோ பரிசோதனை என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை விடவே இல்லை.

அன்று முதல் பொறுப்பாகத்தான் இருந்தேன். அடுப்படி டப்பாக்களில் உப்பு, சர்க்கரை, கடலைப்பருப்பு என்று பெரிய எழுத்தில் லேபிள் ஒட்டினேன். காலையில் மாத்திரை கொடுத்தேன். பழைய விஷயங்களை அடிக்கடி எடுத்துச் சொன்னேன். எங்கள் மகள் யாழினியின் கல்யாணத்தன்று பவானியில் மழை கொட்டித் தீர்த்தது; பந்தலில் தேங்கிய தண்ணீர் சம்பந்தி தலையில் சரிந்தது. அதை நான் முதல் தடவை சொன்னபோது கோபிகா விழித்தாள். அவளுக்குச் சுத்தமாக நினைவில்லை. கொஞ்சம் பொறுத்து, "ஆமாங்க, நல்ல மழை," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்பம் அந்த மழையை அவளுக்குள் அனுப்பிவைத்ததைக் கண்ணால் பார்த்தது மாதிரி இருந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. ஆறு வருடமாகக் கோபிகா என்னோடு ஒரு சண்டை போடவில்லை.

அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். சத்தியமங்கலத்துக்காரி. கல்யாணமான மூன்றாம் நாளே, "ஏனுங்க, மூளையக் கழட்டிப் பரண்ல வச்சுட்டுத்தான் கடைக்குப் போவீங்களா?" என்று கேட்டவள். முற்றிய வெண்டைக்காய்க்கு ஒரு மணி நேரம் திட்டுவாள். திட்டி முடித்து அதே வெண்டைக்காயை வதக்கிப் போடுவாள். இப்போது நான் என்ன செய்தாலும் "சரிங்க", "பரவாயில்லீங்க". சோற்றில் பொங்குகிற நுரையைத் தட்டி அடக்குகிற மாதிரி ஒரு புன்னகை. அவள் பேசுகிற சொல் எல்லாம் கம்பத்தின் சொல் என்று எனக்குப் பட்டது. அவளுடைய சொந்தப் பேச்சு ஒரே ஒரு வாக்கியம், திட்டாக இருந்தாலும் சரி, கேட்டுவிட வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. அலை இல்லாத இடத்தில் அவளை உட்காரவைத்தால்?

முப்பத்து நாலு வருடம் அலைபேசிக் கோபுரங்களில் ஏறி இறங்கியவன் நான். அலையைக் கொண்டுவரத் தெரிந்தவனுக்கு அதை வாசலிலேயே நிறுத்தவும் தெரியும். அலைத்தடை சட்டப்படி குற்றம். அதற்கான தகடும் துணியும் கடையில் கிடைக்காது. உயிர்ப்பித்த ஏற்பி ஒரு மணி நேரம் தொடர்ந்து மௌனமானால் கம்பம் ஆம்புலன்சை அனுப்பிவிடும். ஆனால் அடுப்படிச் சாமான்களை எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. அதோடு எனக்கு ஒரு மணி நேரம் வேண்டியதும் இல்லை.

கோபிகாவிடம், அலையால் தலை வலிக்கிறது, சாமான் அறையைக் கொஞ்சம் மறைக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். "சரிங்க," என்றாள்.

முதலில் குக்கரில் சோதித்தேன். கைப்பேசியை உள்ளே வைத்து மூடி, அவளை அழைக்கச் சொன்னேன். உள்ளே மணி அடித்தது. இவ்வளவு கனமான பாத்திரத்துக்குள் எப்படி நுழைகிறது என்று நான் மண்டையைச் சொறிந்துகொண்டிருக்க, அவள் கழுவிய தட்டைத் துடைத்தபடியே சொன்னாள்: "நடுவுல ரப்பர் வளையம் இருக்குதுங்களே. மூடிக்கும் அடிக்கும் தொடுப்பே இல்லைன்னா சந்து விட்ட மாதிரிதானுங்க?"

சரியான பேச்சு. சுவர் எவ்வளவு கனம் என்பது பெரிதில்லை, இடுக்கு இருக்கிறதா என்பதுதான் கணக்கு. இதை நான் எத்தனை பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பேன். கம்பத்துக்கு நல்ல அறிவு என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் வேலை. சிப்ஸ் பாக்கெட்டுகளைக் கிழித்து ஒட்டிப் பார்த்தேன். உள்ளே பளபளப்பதோடு சரி, அது அலையை நிறுத்தவில்லை. பிறகு பார்சல் சுற்றும் அலுமினியத் தாளை இரண்டடுக்காக மைதாப் பசையில் ஒட்டினேன். ஓரங்களை ஒட்டாமல் ஒன்றன்மேல் ஒன்று மடித்தேன், பசை நடுவில் வந்தால் அதுவும் ஒரு ரப்பர் வளையம்தான். ஜன்னலுக்குக் கொசு புகாத கம்பிவலை. மூலைகளுக்கு பிஸ்கட் தகர டின்களை வெட்டி எடுத்தேன். தரையிலும் தாளை விரித்துக் கோரைப்பாயால் மூடினேன். மின்கம்பி உள்ளே போனால் அலையும் அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகும், ஆகவே பேட்டரி விளக்கு. கதவுதான் பிடிகொடுக்காமல் நின்றது. கடைசியில் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரை இழுத்து நீட்டி, கதவுச் சட்டம் முழுக்க வரிசையாக ஒட்டினேன். கதவை அழுத்திச் சாத்தினால் நார் நசுங்கி இரண்டு பக்கமும் தொட்டுக்கொள்ளும். தாள், நார், டின் எல்லாம் வாங்கிவந்து கொடுத்தவள் கோபிகாதான். கேட்டதைவிடக் கூடவே வாங்கி வந்தாள்.

கைப்பேசியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி அவளை அழைக்கச் சொன்னேன். மணி அடிக்கவில்லை. அவள் மூன்று தடவை முயன்று பார்த்தாள். பிறகு கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே போவது என்று முடிவு செய்தேன். அவள் சொல்வதை எழுதிக்கொள்ள என் பழைய புகார்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். வேலையில் இருந்தபோது எங்களுக்கு ஒரு கட்டளை உண்டு. புகார்தாரர் என்ன கத்தினாலும் குறுக்கே பேசாதே, நேரம் போட்டு அவர் சொன்னபடியே எழுது. மேல்தாள் அலுவலகத்துக்குப் போகும், கார்பன் படி புத்தகத்திலேயே கிடக்கும். உலகம் முழுக்க அலையை விற்ற எங்கள் அலுவலகம், புகாரை மட்டும் கடைசிவரை கார்பன் தாளை நம்பித்தான் வாங்கியது. முப்பத்து நாலு வருடத்தில் அந்தப் பழக்கம் என் கைக்குள்ளேயே போய்விட்டது.

கோபிகா கவிழ்த்துப் போட்ட அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்தாள். முகத்தில் வேர்வை. "நெசமாவே சாத்தணுங்களா?" என்று கேட்டாள்.

"பயப்படாதே கண்ணு, நான் கூடவே இருக்கறேன்," என்றேன்.

கதவை அழுத்திச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். திரும்பினேன். கூடத்து சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் ஒன்றும் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பத்தைந்து. எதிரே கோபிகா ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றாள். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன.

"என்னாச்சு?"

"தூங்கிட்டீங்க. உள்ள காத்தே இல்லை. நான்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

"நீ ஏதாவது பேசினியா?"

"நான் என்னத்தப் பேசறதுங்க. நீங்க தூங்கீட்டீங்களே," என்றாள். அதே புன்னகை. எனக்கு எரிச்சலாக வந்தது. பன்னிரண்டு நாள் வேலையைக் குறட்டை விட்டே கெடுத்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு அவள் தெருமுனைக் கோயிலுக்குக் கிளம்பினாள். நான் புகார்ப் புத்தகத்தை அலமாரியில் வைக்கப் போனேன். மேல்தாள் ஒன்று துளை வரிசையோடு ஒழுங்காகக் கிழிக்கப்பட்டிருந்தது. எழுதாத தாளை யாரும் கிழிக்க மாட்டார்கள். கார்பனைத் தூக்கினேன். கீழே நீல எழுத்து. என் கையெழுத்து.

நேரம் 3.08. புகார்தாரர்: வயதான ஓர் அம்மா. பெயர் கேட்டேன். சொல்லவில்லை. "என்னைத் தெரியலீங்களா" என்றார். தெரியவில்லை என்றேன். அழுகிறார்.

3.12. புகார்தாரருக்குத் தண்ணீர் கொடுக்க முடியவில்லை, அறையில் தண்ணீர் இல்லை. என் மனைவி பிரசவத்துக்குச் சத்தியமங்கலம் போயிருக்கிறாள், அவள் இருந்தால் காப்பியே போட்டுக் கொடுத்திருப்பாள் என்று சமாதானம் சொன்னேன். புகார்தாரர் சிரிக்கிறார். மறுபடி அழுகிறார்.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். முதலில் இது ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். கோபிகா என் கையெழுத்தில் எழுதிவிட்டாளா என்றுகூட ஓடியது. ஆனால் 'ற' போடுகிற அந்தச் சுழி என்னைத் தவிர யாருக்கும் வராது. மேலே படித்தேன்.

3.15. புகார்தாரர் கோபமாக இருக்கிறார். அவர் சொன்னபடி: "வெளிய போனா இது ஒண்ணும் உங்களுக்கு இருக்காது. அந்தத் தைரியத்துல சொல்றேன். எனக்கு ஒரு நோயும் இல்லை. நோய் உங்களுக்கு. ஆறு வருசமா உங்களுக்கு. டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அவருக்குன்னு சொன்னாப் பதறுவாரு, உனக்குன்னு சொன்னா உன்னைப் பாத்துக்கற பொறுப்புல தன்னைச் சந்தேகப்பட மாட்டாரு, கடைசிவரைக்கும் நீ நோயாளி மாதிரி இருந்துருன்னாங்க."

3.19. புகார்தாரர் சொன்னபடி: "பார்க்குல சங்கம்னு உக்காந்திருக்கீங்களே பன்னண்டு பேரு, அத்தனை பேரும் இப்படித்தான். அந்த பேஸ்ட்டை ஃபிரிட்ஜுல வைக்கறது லோகேஷ் அண்ணன்தான். நாங்க நடக்கறப்போ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். சிரிக்காட்டி எப்படி வீட்டுக்குத் திரும்பிப் போறது."

3.22. மேலும் சொன்னது: "உப்பு டப்பாவுல உப்புன்னு எழுதி ஒட்டறீங்க. நாப்பது வருசமா சமைக்கறவளுக்கு உப்பு தெரியாதா? கோயில்ல எல்லாரும் என்னைப் பாவமாப் பாக்கறாங்க. ஒரு தடவை எங்க அக்கா ஊட்டுக்குப் போக உட்டீங்களா? வழி தெரியாமப் போயிருவேன்னு கூடவே வர்றீங்க. உங்களுக்கு வழி தெரியாதுன்னு நான் உங்க கூட வர்றேன்."

3.26. மேலும்: "யாழினி கல்யாணத்துல மழையே பெய்யலை. சித்திரை வெயிலு. ஒரு சொட்டு இல்லை. கம்பம் யாரோட கல்யாண மழையையோ கொண்டுவந்து உங்க தலைக்குள்ள ஊத்திருச்சு. நான் ஆமாம்னு சொன்னேன். அன்னைக்கு நீங்க அழுதீங்களே, எனக்காக, அன்னைக்குத்தான் எனக்குச் செத்துரலாம் போல இருந்தது." யாழினி யார் என்று கேட்டேன்.

இந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அந்த மழை நன்றாக நினைவிருக்கிறது. மண்வாசனை இருக்கிறது. சம்பந்தி வேட்டியை உதறியது இருக்கிறது. இதோ, இந்த நிமிடமும் இருக்கிறது. எழுந்து போய் அலமாரியில் கல்யாண ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் வெயில். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். சம்பந்தி ஒரு கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இந்த ஆல்பத்தை இதற்கு முன் எத்தனை தடவை பார்த்திருப்பேன், வெயில் ஏன் கண்ணில் படவில்லை?

அதிர்ச்சி என்ற சொல்லை நான் எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். மின் அதிர்ச்சி, லேசான அதிர்ச்சி. அது இப்படிக் காலுக்கடியில் தரை இல்லாமல் போவது என்று அப்போது தெரியாது. கோபிகாவின் வாயில் வருவது அவளுடைய சொல்தானா என்று சந்தேகப்பட்டேனே, இப்போது நான் நினைக்கிற இந்த நினைப்பு யாருடையது? இதில் எவ்வளவு என் மண்டையிலிருந்து வருகிறது, எவ்வளவு தெருமுனையிலிருந்து? காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன். அரிசி அளவு மேடு. ஆறு வருடமாக அது சும்மா கிடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

மீதியைப் படித்தேன்.

3.31. புகார்தாரர் சொன்னபடி: "இந்த ரூம்பு கட்டணும்னு நீங்க சொன்னப்போ எதுக்குன்னு எனக்குத் தெரியும். தடுத்திருக்கணும். தடுக்கலை. நானும் ஆசைப்பட்டேன். ஒரு தடவை உங்களை வாயாரத் திட்டணும்னு. அந்தச் சரிங்க, பரவாயில்லீங்கன்னு சொல்லிச் சொல்லி என் நாக்கே எனக்குப் புடிக்காமப் போயிருச்சு. சண்டை போட்டா உங்களுக்கு அலை பொருந்தாதாம். ஆனா திட்டறப்போ நீங்க யாரோ மாதிரி எழுதீட்டு உக்காந்திருப்பீங்கன்னு நினைக்கலை."

3.36. புகார்தாரர் சொன்னபடி: "வெளிய யார்கிட்டயும் சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரிஞ்சுட்டா, தெரிஞ்ச அந்த நாளையே எடுத்துட்டு வேற ஒரு நாளை வச்சிருவோம்னு ஆஸ்பத்திரியில சொல்லீட்டாங்க."

3.39. வெண்டைக்காய் முற்றலாக வாங்கியது குறித்தும் புகார். குறிப்பு: இந்த அம்மா திட்டுவது கேட்க நன்றாக இருக்கிறது. என் வீட்டுக்காரியும் இப்படித்தான். அவள் வந்ததும் இவரை அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

அடியில் அச்சடித்த வரி: எடுத்த நடவடிக்கை. அதற்கு எதிரே வெறுமை.

கோபிகா திரும்பி வரும்போது புத்தகம் அலமாரியில் இருந்தது, நான் சோபாவில் இருந்தேன். திருநீறு பூசிவிட்டாள். நெற்றியில் பட்ட அந்த விரல் என்னைப் பற்றி எல்லாம் தெரிந்த விரல். நான் அவளைத் தெரியாதவனாக முக்கால் மணி நேரம் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தேன், அவளோ வந்து இரவுக்குத் தோசையா சப்பாத்தியா என்று கேட்கிறாள். வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் மருத்துவர் மேலா, கம்பத்தின் மேலா, என் மேலா என்று பிரிக்க முடியவில்லை. தோசை என்றேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சங்கம் கூடியது.

லோகேஷ் சொல்லிக்கொண்டிருந்தார். "ஃபேன் சுவிட்சுல ஃபேன்னு எழுதி ஒட்டீட்டனுங்க. பாவம், இனிமே தடுமாற மாட்டா." மற்ற பத்துப் பேரும் தலையசைத்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு காலத்தில் வங்கிக் கிளையை நடத்தியவர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா, லாரி வைத்திருந்தவர். எல்லோர் முகத்திலும் பொறுப்பு. கவனித்துக்கொள்கிறவர்களின் அந்தக் களைப்பு, அந்தப் பெருமை. இவர்களில் ஒருவர் தலையில் என் மகளின் கல்யாண வெயில் அடித்துக்கொண்டிருக்குமோ என்னவோ.

"நவநீதன் அண்ணா, உங்கூட்டுல இந்த வாரம் எப்படீங்க?" என்று ஹரிஷ் கேட்டார்.

வாய்வரை வந்துவிட்டது. நடைபாதையில் அவர்கள் அப்போதுதான் வளைவைத் தாண்டி வந்தார்கள். லோகேஷின் மனைவி ஸ்ரீநிதி எதையோ நடித்துக் காட்டினாள், ஃபிரிட்ஜைத் திறப்பது மாதிரி. எல்லோரும் கையைத் தட்டிச் சிரித்தார்கள். கோபிகா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"பரவாயில்லீங்க," என்றேன் ஹரிஷிடம். "நல்லா இருக்கறா."

வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குப் போய் டப்பாக்களில் இருந்த லேபிள்களை ஒவ்வொன்றாக உரித்தேன். ஆறு வருடப் பசை, லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. உப்பு, சர்க்கரை, கடலைப்பருப்பு. பிறகு அலமாரியிலிருந்து புகார்ப் புத்தகத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து உட்கார்ந்தேன்.

அந்த அறைக்குள் மறுபடி போக எனக்குப் பயமாக இருக்கிறது. இதை மறைப்பானேன். தாழ்ப்பாள் விழுந்த நொடியில் நான் இருக்க மாட்டேன்; என் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு ஒருவன் அவள் எதிரே உட்கார்ந்திருப்பான். அவளை அம்மா என்று கூப்பிடுவான். அவள் பேசுவதை நான் கேட்கவே போவதில்லை. இத்தனை பாடுபட்டது எந்த ஒரு வாக்கியத்துக்காகவோ, அது எனக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் அவளுக்குப் பேச ஓர் இடம் வேண்டும். ஈரோடு முழுக்க அலை இல்லாத இடம் எங்கள் சாமான் அறை ஒன்றுதான்.

எடுத்த நடவடிக்கை என்பதற்கு எதிரே எழுதினேன்: ஞாயிறுதோறும் நேரில் வந்து புகார் கேட்கப்படும்.

கோபிகா காப்பியோடு வந்தாள். டப்பாக்களைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். தம்ளரை மேசையில் வைத்தாள்.

"லேபிளையெல்லாம் ஏனுங்க பிச்சுப் போட்டீங்க?"

"பசை விட்டுப் போச்சு," என்றேன். "அப்புறம், அந்த அறை நேத்து சரியா வேலை செய்யலை. எங்கயோ கசியுது. அடுத்த ஞாயிறும் உள்ள உக்காந்து பாக்கணும்."

சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்தாள், அழுக்கே இல்லாத இடத்தை. மாடி வீட்டில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். சத்தம் நின்ற பிறகுதான் பேசினாள்.

"ஸ்டீல் நாரு இன்னும் வேணுங்களா?"

"ஒரு டஜன் வாங்கிக்கலாம்."

"சரிங்க," என்றாள். அடுப்படி வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். அந்தப் புன்னகை முகத்தில் இல்லை.

"அம்பத்தஞ்சு நிமிசம் வச்சுக்கலாங்களா?" என்று கேட்டாள். "நாப்பது பத்தலீங்க."

ஐம்பத்தைந்து என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.